மூன்று எட்டு தள்ளி

இந்தப் பூவைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் குனிய வேண்டும். நிமிர்ந்தே நடந்து பழகியவர்கள் கண்ணில் இது படாது. ஒரு சாண் உயரம். ஈர்க்குச்சி கனத்தில் ஒரு தண்டு. அதில் நாலைந்து பூக்கள், எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு. பச்சை என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது; இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். முழங்காலைத் தரையில் ஊன்றி, பூவை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளை உதடும் அதில் மெல்லிய ஊதாக் கோடுகளும் தெரியும். இலை எங்கே என்று தேடாதீர்கள். பூ இருக்கும்போது இலை இருக்காது.

பிள்ளைகளே, இது ஓர் ஆர்க்கிட். ஆர்க்கிட் என்றால் பூக்கடையில் தொங்கும் ஊதாக் கொத்து மட்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மரத்தைப் பிடித்துக்கொண்டு வளர்வது ஒரு கூட்டம், மண்ணில் வளர்வது இன்னொரு கூட்டம். இது மண் கூட்டம். தரைக்குள் கோலிக்குண்டு அளவில் ஒரு வெள்ளைக் கிழங்கு இருக்கும். அதுதான் செடி. மற்றதெல்லாம் வந்து போகிறவை. நன்றாக வெயில் காய்ந்து, பிறகு ஒரு பெருமழை கொட்டினால், பத்து நாளில் கிழங்கிலிருந்து பூத்தண்டு எழும்பும். மூன்று நாள், நான்கு நாள் நிற்கும். பிறகு தண்டோடு மடிந்துபோகும். அதற்கப்புறம் ஒரே ஓர் இலை வரும். இதய வடிவத்தில், காகித விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக. அந்த ஓர் இலைதான் அந்த ஆண்டு முழுக்கச் சமைத்துக் கிழங்குக்குப் போட வேண்டும். மலாய்க்காரர்கள் இதற்கு ‘ஆண்டுக்கு ஓர் இலை’ என்று பொருள் வரும்படி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் ஓரிலைத்தாமரை என்பார்கள் என்று ஒரு சித்த வைத்தியர் சொன்னார். தாமரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

பள்ளி மலருக்கு ஒரு காட்டுப் பூவைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று உங்கள் தலைமையாசிரியை என்னைக் கேட்டார். கேட்டதில் வியப்பில்லை. உங்கள் பள்ளி வாசலில் நிற்கும் செடிகளில் முக்கால்வாசி என் நர்சரியிலிருந்து வந்தவை. பெக்கோக் ஊரிலிருந்து பத்து பாகாட் நகரம் வரை செடி விற்கிற எவரிடமும் என்னைப் பற்றி விசாரியுங்கள். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செம்பனைத் தோட்டத்தில் மருந்துத் தண்ணீர் சுமந்தவன். இருபத்தாறு வயதில் சொந்தமாக ஆள் வைத்துக் களைக்கு மருந்தடிக்கும் கொந்திராக் எடுத்தேன். நாற்பதில் நர்சரி போட்டேன். யார் கையையும் பிடித்து நான் ஏறவில்லை. இதை எல்லா மேடையிலும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் பூவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அதை எனக்குக் காட்டிய அக்கா வந்து முன்னால் நிற்கிறார். அவரைத் தள்ளிவிட்டு எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவர் பெயரை எழுத மாட்டேன், அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைவிட எட்டு வயது மூத்தவர். என் மருந்தடிக்கும் கூட்டத்தில் முதல் நாள் சேர்ந்த பெண். முதுகில் பம்பு, முழங்கை வரை பழைய காலுறை, தலையில் துண்டு, அதற்கு மேல் தொப்பி. அவரிடம் இருந்த ஒரே குணத்தைத்தான் சொல்லப்போகிறேன். அவருக்குப் பொய் வராது. எனக்குத் தெரிந்து வாழ்நாளில் அவர் சொன்னது ஒரே ஒரு பொய். அது எனக்குச் சொன்னது.

பொய் வராது என்றால், பொய் சொல்ல மாட்டார் என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வராதே, அது மாதிரி. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா பலகாரம் எடுக்க உள்ளே போன நேரம், மாப்பிள்ளையின் அத்தை சும்மா இருக்காமல் இவரிடம் பெண்ணுக்குக் கோபம் வருமா என்று கேட்டுவிட்டார். “வரும். போன மாசம் எனக்கே வெளக்கமாத்தால ஒண்ணு விழுந்துச்சு” என்றார் இவர். பெண் வீட்டார் மூன்று மாதம் இவரோடு பேசவில்லை. மாப்பிள்ளை என்னவோ சிரித்துவிட்டு அந்தப் பெண்ணையேதான் கட்டினான். அதற்குப் பிறகு லயத்தில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், அக்காவை முதலில் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். அவரும் எதற்கு என்று தெரிந்தே பையை எடுத்துக்கொண்டு போவார்.

நான் மாடி வீடு கட்டியபோது எல்லோரும் வந்து வாயைப் பிளந்தார்கள். பெக்கோக்கில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாசல் எவன் வைத்தான்? அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். “வாசல் பெருசா இருக்கு தம்பி. உள்ள நாலு பேரு ஒக்கார எடம் இல்ல” என்றார். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் ஆள் வைத்துக் கூடத்துச் சுவரை இடித்தேன். இன்றைக்கும் அந்தக் கூடத்தில்தான் என் வீட்டு விசேஷம் எல்லாம் நடக்கிறது.

எல்லோரும் என்னை மொதலாளி என்றார்கள். அவர் மட்டும் தம்பி என்றார், நீ என்றார். கூட்டத்து முன்னாலும் அப்படித்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

என் முதல் கொந்திராக்கை அவர்தான் கெடுக்கப் பார்த்தார். சதுப்பு ஓரத்தில் கடைசி நான்கு வரிசைக்கு மருந்தடிக்காமல் விட்டுவிட்டோம். சேறு, பாம்பு, நேரமும் இல்லை. முடிந்ததா என்று தோட்ட மேனேஜர் கேட்டார். முடிந்தது என்றேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்காவைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். அக்கா, “கடசி நாலு வரிசை பாக்கி” என்றார். தீபாவளிக்கு முந்தின நாள். அன்றைக்கே அடித்து முடிக்கும்படி உத்தரவு. கூட்டத்தில் ஒருவரும் வரவில்லை. நானே பம்பைத் தூக்கிக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே போனேன். பார்த்தால் அவர் எனக்கு முன்னால் சேற்றில் நின்று மருந்தடித்துக்கொண்டிருக்கிறார். “நான் சொல்லி வந்த வேலதானே, நீ அந்த ரெண்ட அடி” என்றார். அவ்வளவுதான்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அந்த மேனேஜர் பக்கத்துத் தோட்டத்து மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்: இவனிடம் ஒரு பெண் இருக்கிறாள், அவள் முடிந்தது என்றால் முடிந்தது, நீ போய்ப் பார்க்க வேண்டாம் என்று. ஒரு தோட்டம் நான்கானது. நான்கு பதினொன்றானது. எந்தத் தோட்டத்திலும் என் வேலையை மேற்பார்க்க ஆள் அனுப்ப மாட்டார்கள். அக்காவைக் கேட்பார்கள். யார் கையையும் பிடித்து ஏறவில்லை என்று சற்று முன் எழுதினேன். அதைக் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன். ஆனால் இதையும் எழுதிவிட வேண்டும்.

பூவுக்கு வருகிறேன்.

ஆற்றோரம் ஒரு கரை. மூங்கிலும் காட்டுப் புதருமாக, பள்ளித் திடல் நீளத்துக்கு. ஆற்றை ஒட்டிச் செம்பனை வைக்கக் கூடாது என்பதால் அதைத் தோட்டத்தார் அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு நாள் மருந்தடித்துக்கொண்டு வந்த அக்கா அந்த இடத்தில் குழாயை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் பின்னால் வந்த பெண்களும் அப்படியே. என்ன வேடிக்கை என்று கேட்டேன். குனிந்து பார்க்கச் சொன்னார். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒவ்வொரு பூவுக்குப் பக்கத்திலும் ஒரு குடைக்கம்பி நட்டிருந்தது. பழைய குடை எங்கே கிடந்தாலும் பிரித்துக் கம்பியை எடுத்து வைத்துக்கொள்வாராம்.

பூ மடிந்த பிறகு இடம் தெரியாமல் மருந்தடித்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் நட்டிருக்கிறார். ஆறேழு வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு கம்பிக்குப் பக்கத்திலும் ஒரே மாதிரி ஓர் இலை. அடுத்த மழைக்கு அதே கம்பிக்குப் பக்கத்தில் பூ. அப்படித்தான் பூவும் இலையும் ஒரே செடி என்று கண்டுபிடித்திருக்கிறார். பிள்ளைகளே, இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. அவர் இரண்டாம் வகுப்பு. எந்தப் புத்தகமும் அவரிடம் வந்து சொல்லவில்லை. அவர் அதை மழைப்பூ என்றார். காய விட்டு நனைத்தால் பூக்கும் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார்.

நான் பார்த்தது பூவை. இலையைப் பார்க்கவில்லை. வேலை முடிந்து அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்சரி போட்ட பிறகு காட்டுச் செடிகளுக்குக் கிராக்கி வந்தது. குரங்குக் கிண்ணம் தெரியுமா? இலை நுனியில் மூடி போட்ட கிண்ணம் தொங்கும், பூச்சி விழுந்தால் அதைத் தின்றுவிடும். ஜொகூர் பாருவில் வீட்டு வாசலில் தொங்கவிட எல்லோரும் கேட்டார்கள். எங்கே இருக்கிறது என்று அக்காவைக் கேட்டேன். கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் அவர். செம்மண் மேடு ஒன்றைக் காட்டினார். பத்துச் செடி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். போய்ப் பார்த்தால் மேடு முழுக்கக் கிண்ணம். நான் பத்தோடு விட்டால் நாளைக்கு வேறு நர்சரிக்காரன் வந்து மீதியை அள்ளுவான், அது உறுதி. அதனால் அள்ளினேன். இரண்டு லோரி. பாதி போகும் வழியிலேயே வாடியது, அது வேறு.

அடுத்த வாரம் அக்கா அந்த மேட்டைப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பெரட்டில், பேர் கூப்பிடக் கூட்டம் வரிசையாக நிற்கிறபோது, “பம்புக்கு வாஷர் போயிருச்சு மொதலாளி, பாருங்க” என்றார். அன்றிலிருந்து நான் தம்பி இல்லை. நீ இல்லை, நீங்க. மற்றவர்கள் அதைக் கவனித்தார்களா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன். ஒரு மேட்டுச் செடிக்காக எத்தனை நாள் முறுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

அப்புறம் ஜொகூர் பாருவில் ஒரு பெரிய மலர்க் கண்காட்சி. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நர்சரிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு மேசை. மற்றவர்கள் மேசையில் இல்லாத ஒன்று என் மேசையில் இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. படித்தவன், ஆங்கிலம் பேசுகிறவன், அப்பன் விட்டுப்போன நிலத்தில் செடி வைத்தவன் எல்லாம் வந்து குனிந்து பார்க்க வேண்டும். மழைப்பூ ஞாபகம் வந்தது. கிழங்கை எடுத்துக் காய வைத்து, கண்காட்சிக்குச் சரியாக நாள் பார்த்து நனைத்தால், அன்றைக்குப் பூத்து நிற்கும். எவனிடமும் இருக்காது.

ஆனால் அது இலைக் காலம். எந்த இலை என்று எனக்குத் தெரியாது. அந்தக் கரையில் இதய வடிவ இலைக்குப் பஞ்சமில்லை. அக்காவின் வீட்டுக்குப் போனேன். அப்போது அவர் வேலையை விட்டு, பெக்கோக்கில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார். பத்துக் கிழங்கு போதும், நீங்கள் வந்து காட்ட வேண்டும் என்று கேட்டேன். மறுநாள் வருவதாகச் சொன்னார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பதினொரு தோட்டத்து மேனேஜர்கள் நம்பிய வாய். நான் எப்படிச் சந்தேகப்படுவேன்?

மறுநாள் இரண்டு ஆட்களோடு போனோம். குடைக்கம்பிகள் நின்றன. ஒவ்வொரு கம்பியின் காலடியிலும் ஓர் இலை, இதய வடிவத்தில். நான் குனிந்து, “இதானாக்கா?” என்று கேட்டேன்.

“இதான்” என்றார்.

அந்த ஒரு சொல்தான். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன்.

பத்து என்றுதான் போனேன். தோண்டத் தொடங்கியதும் கை நிற்கவில்லை. கொஞ்சம் கெட்டுப்போனாலும் மிச்சம் வேண்டுமே என்று தோன்றியது. முப்பதுக்கு மேல் கம்பிகள். கடைசிக் கம்பி வரை தோண்டினோம். அக்கா மூங்கில் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிழங்குகளை மணலில் போட்டு, அவர் சொல்லியிருந்த முறைப்படி காய வைத்தேன். நாள் எண்ணி நனைத்தேன். முளை கண்டது. பூத்தண்டுதான் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பே மேசையில் வைத்து, பெயர்ப் பலகை எழுதி, காட்டு ஆர்க்கிட், முதன்முறையாக என்று பெரிதாகப் போட்டேன். திறப்பு நாள் காலையில் போய்ப் பார்த்தால், தண்டு ஒன்று பெயர்ப் பலகையின் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று பக்கத்து மேசைக்குக் கை நீட்டியிருக்கிறது. அந்த மேசைக்காரர் வயதான சீனர். என்னைவிடப் பழைய நர்சரி. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “தவுக்கே, இது உபி லா” என்றார். தவுக்கே என்றால் மொதலாளி, உபி என்றால் கிழங்கு. காட்டு வள்ளிக்கிழங்குக் கொடி. அவர் கேலிகூடச் செய்யவில்லை, பாவப்பட்டுச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. கேலி செய்தவர்கள் பிறகு வந்தார்கள். அவித்துத் தேங்காய்ப்பூ போட்டால் நன்றாக இருக்கும் என்றான் ஒருவன். இரண்டு ஆண்டு என்னைக் கிழங்கு மொதலாளி என்றுதான் சொன்னார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குப் பயன்படும். காட்டு வள்ளியின் இளஞ்செடியும் ஒரே இதய இலையோடுதான் தொடங்கும். நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தடவிப் பார்த்தால் தெரியும். வள்ளி இலை வழவழப்பாக இருக்கும். மழைப்பூவின் இலையில் மடிப்பு விரலுக்குத் தட்டுப்படும். நான் தடவிப் பார்க்கவில்லை. அக்காவின் சொல் இருக்கும்போது எனக்கு விரல் எதற்கு?

கண்காட்சியிலிருந்து நேராக அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். வாசலில் உட்கார்ந்து செம்பனை ஓலையிலிருந்து ஈர்க்குக் கிழித்துக்கொண்டிருந்தார், விளக்குமாறு கட்ட. என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“ஏன்க்கா?” என்றேன்.

“பொய்தான் சொன்னேன்” என்றார். “மொத நாளு சாயங்காலமே போயி கம்பியெல்லாம் வள்ளிக்குப் பக்கத்துல மாத்தி நட்டுட்டு வந்தேன்.”

பொய்கூட வாய் தவறி வரலாம். இது ஒரு சாயங்காலம் முழுக்கக் குனிந்து குனிந்து செய்த பொய்.

“பத்துதான் எடுப்பேன்னு சொன்னேன்ல.”

“எத்தன தோண்டுனீங்க?”

வேறு வழியில் போனேன். மேனேஜருக்கு உண்மை சொன்னீர்கள், பெண் பார்க்க வந்தவர்களுக்கு உண்மை சொன்னீர்கள், என் வீட்டைக் குறை சொன்னீர்கள், எல்லாம் பொறுத்துக்கொண்டேன், ஊரில் எத்தனையோ பேர் இருக்க, பொய் சொல்ல நான்தான் கிடைத்தேனா என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் கதவு திறந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. “மத்தவங்களுக்கு உண்மையச் சொன்னா எனக்குத்தான் திட்டு விழும். அத வாங்கிக்கலாம். ஒங்களுக்குச் சொன்னேன், அந்த மேட்டுல இப்ப ஒரு கிண்ணம் இல்ல. அந்தப் பக்கமா நான் போறதே இல்ல” என்றார்.

பிறகு, “ஒண்ணே ஒண்ணு. அது எங்க இருக்குன்னு திருப்பி மட்டும் கேட்றாதீங்க. இன்னொரு தடவ என்னால ஆவாது. அன்னிலேருந்து சோறு எறங்கல” என்றார்.

அவர் எதையும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கேட்டார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“எங்க இருக்கு?” என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். “ஒவ்வொரு கம்பிலேருந்தும் மூணு எட்டு. ஆத்துப் பக்கமா.” கத்தியை எடுத்து ஈர்க்குக் கிழிக்கத் தொடங்கினார். நான் எழுந்து வந்தேன்.

அங்கிருந்து நேராகக் கரைக்குப் போனேன். மண்வெட்டி வண்டியிலேயே இருந்தது. நாங்கள் தோண்டிய குழிகள் பாதி தூர்ந்து கிடந்தன, கம்பிகள் ஓரத்தில் அப்படியே நின்றன. முதல் கம்பியிலிருந்து ஆற்றைப் பார்த்து மூன்று எட்டு வைத்தேன். இருந்தது. குனிந்து தடவினேன். மடிப்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. அடுத்த கம்பி, மூன்று எட்டு, அங்கேயும். இலைகள் பழுக்கத் தொடங்கியிருந்தன. சிலவற்றில் பழைய கிழிசல். வள்ளிக்கிழங்கு தோண்டிய அன்றைக்கு எங்கள் பூட்ஸ் மிதித்தது. முப்பதும் காலுக்குக் கீழேயே இருந்திருக்கின்றன.

ஒன்றைத் தோண்டினேன். கோலிக்குண்டு அளவில் வெள்ளைக் கிழங்கு, இரண்டு மூன்று மெல்லிய வேர். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதற்காகவா என்று தோன்றியது. அப்புறம் திருப்பி வைத்து மண்ணை மூடிக் கையால் அழுத்தினேன். அது மட்டும் மறு ஆண்டு வரவில்லை. இந்தச் செடிக்கும் அது இருக்கிற மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சைக்கும் ஓர் ஒட்டு இருக்கிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இதன் விதை தூசு மாதிரி, உள்ளே சாப்பாடு கிடையாது. பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். தொட்டு எடுத்துத் திருப்பி வைத்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடாது.

மற்றவற்றை நான் தொடவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம். தோண்டினால் அவர் சொன்னது சரியென்று ஆகிவிடும். அந்த ஒரு எண்ணம்தான் என் கையைப் பிடித்தது. மண்வெட்டியை வண்டியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவரிடம் போய், எடுக்கவில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சொல்லி என் மனைவியும் பல தடவை சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. நான் திருடவில்லை என்று நானே அவர் வாசலில் போய் நின்று சொல்ல வேண்டுமா? இருபது வருடம் என்னோடு நடந்தவர். அந்தக் கரை அவர் வீட்டிலிருந்து அரை மணி நடை. போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் போகவில்லை. மேட்டுப் பக்கம் போகாதது மாதிரியே அந்தப் பக்கமும் போகாமல் நிறுத்திவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கொஞ்ச நாளில் அவருடைய மகன் அவரை ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போய்விட்டான். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போகிறவன். வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அங்கே ஒரு கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை சந்தித்தோம். இலை போட்டுப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். என் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். என் பெரிய மகளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். நர்சரியில் தண்ணீர்க் குழாய் போட்டாயிற்றா என்று கேட்டார். ரசத்தில் புளி கூடிவிட்டது என்று, கேட்காமலேயே, பரிமாறிய பையனிடம் சொன்னார். நான் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். பாயசம் வந்தது. அவர் இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

போன ஆண்டு இறந்துபோனார். சாவுக்குப் போனேன். முன் வரிசையில் நின்றேன், எல்லாம் செய்தேன்.

இந்த ஆண்டு மழைக்குக் கரையில் நாற்பதுக்கு மேல் பூத்தது. நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவர் கடைசி வரை அதெல்லாம் என் நர்சரித் தொட்டியில் அழுகிப்போனதாகத்தான் நினைத்திருப்பார். கல்யாண வீட்டில் அவ்வளவு கேட்டவர், அந்த ஒன்றையும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லை.